பரிந்து பேசும் பணி: அனைவருக்கும் மருத்துவம் கோரும் மாணவர் குழு

யோவான் நற்செய்தி ஐந்தாம் அதிகாரம் காட்டும் பெதஸ்தா குளத்தை ஒரு மருத்துவ அமைப்பாக எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும். அங்கே ஐந்து மண்டபங்கள் இருந்தன. குணமாக்கும் என்று மக்கள் நம்பிய நீர் இருந்தது. நோயாளிகள் திரளாய்க் கிடந்தனர். ஆயினும் முப்பத்தெட்டு ஆண்டுகள் படுத்த படுக்கையாய் இருந்த மனிதன் ஆண்டவரிடம் முறையிட்டது தன் நோயைப் பற்றியன்று. தன்னை இறக்கிவிட ஆளில்லை, தான் போவதற்குள் வேறொருவன் முந்திக்கொள்கிறான் என்பதே அவன் முறையீடு. தேவதூதன் தண்ணீரைக் கலக்குவதைக் கூறும் நான்காம் வசனம் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இல்லை என்பதை நம் மாணவர் அறிவர். ஆனால் அந்தப் போட்டியைக் கூற ஏழாம் வசனமே போதும். வலுவும் துணையும் உள்ளவன் முந்திக்கொள்ள, இல்லாதவன் கரையிலேயே கிடக்கும் ஏற்பாடு அது.

இறையியல் கல்லூரி வளாகத்தில், எல்லார்க்கும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று குரல் கொடுக்கும் மாணவர் குழு ஒன்றைத் தொடங்கலாமா என்னும் கேள்வி நம்மிடையே அவ்வப்போது எழுகிறது. நோயாளிகளைச் சந்திப்பதும் அவர்களுக்காக மன்றாடுவதும் போதாவா, அரசின் கொள்கைகளில் நமக்கென்ன வேலை என்று மூத்த ஆயர்கள் சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே, விடை கூறு முன்னர், கோருவது இன்னதென்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

அனைவருக்குமான மருத்துவம் என்பது எல்லா மருத்துவமனைகளையும் அரசு எடுத்துக்கொள்வது என்று பலர் தவறாக எண்ணுகின்றனர். உலக நலவாழ்வு நிறுவனம் இதை மூன்று வினாக்களால் விளக்குகிறது. மக்களுள் எத்தனை பேர் இதற்குள் அடங்குவர்? எந்தெந்தச் சிகிச்சைகள் அடங்கும்? செலவில் எவ்வளவு நோயாளியின் கையைக் கடிக்கும்? இம்மூன்றிலும் குறை நீங்க நீங்க நாடு அந்த இலக்கை நெருங்குகிறது. மாணவர் குழு முதலில் கற்க வேண்டியது, எந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டாலும் இம்மூன்று வினாக்களையும் அதன்மேல் எழுப்பும் பழக்கத்தையே.

மூன்றாவது வினா திருமறையில் ஏற்கெனவே எழுந்துள்ளது. பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண் தன் பொருளையெல்லாம் வைத்தியர்களுக்குச் செலவழித்தாள் என்றும், அதனால் குணம் அடையாமல் முன்னிலும் கேடடைந்தாள் என்றும் மாற்கு எழுதுகிறார். லூக்கா அந்தப் பின்பகுதியை விட்டுவிடுகிறார். அவர் வைத்தியர் ஆதலால் தம் தொழிலைக் காத்துக்கொண்டார் என்று வேடிக்கையாகச் சொல்வாரும் உண்டு. அவள் உடல் நோயினால் வறியவளானாள். இல்லமோ சிகிச்சையினால் வறுமையுற்றது. நம் சபைகளில் நகையை அடகு வைத்தவர்களையும், வட்டிக்கு வாங்கி மருத்துவமனையில் முன்பணம் கட்டியவர்களையும், நிலத்தை விற்றவர்களையும் ஒவ்வோர் ஆயரும் அறிவார். இந்திய அரசின் தேசிய நலவாழ்வுக் கணக்கின்படி, 2013-14இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64.2 விழுக்காடு மக்கள் தம் கையிலிருந்தே கொடுத்தது. 2021-22இல் அது 39.4 விழுக்காடாகக் குறைந்தது. குறைவு மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஐந்தில் இரண்டு பங்கு இன்னும் நோயாளியின் மடியிலிருந்தே போகிறது என்பதும் அதே கணக்கில் உள்ளது. அரசுகள் செலவிடும் தொகையை 2025ஆம் ஆண்டுக்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை கூறிற்று. 2021-22இல் அது 1.84 விழுக்காடாகவே இருந்தது.

நம் பாட்டன்மார் அரசு மருத்துவமனையைத் 'தர்மாஸ்பத்திரி' என்றே அழைத்தனர். இச்சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். தருமம் கொடுப்பவன் விரும்பினால் கொடுப்பது. பெறுபவன் கேள்வி கேட்க இயலாது. மருந்து இல்லை என்றால் திரும்பி வர வேண்டும். சக்கர நாற்காலி தள்ளுவதற்கும் பிறந்த குழந்தையைக் காட்டுவதற்கும் ஒருவர் கை நீட்டினால் கொடுத்துவிட்டு வாய்மூட வேண்டும். சொல் வழக்கொழிந்து வருகிறது, மனநிலை ஒழியவில்லை. சர் ஜோசப் போர் தலைமையில் 1943இல் அமைக்கப்பட்ட குழு 1946இல் அளித்த அறிக்கை, பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவரும் போதிய மருத்துவத்தை இழக்கலாகாது என்னும் கொள்கையை அடிப்படையாகக் கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையம் என்னும் கருத்து நாட்டில் வேரூன்றியது இவ்வறிக்கையினாலேயே. விடுதலைக்கு முந்தைய ஆண்டிலேயே தருமம் உரிமையாகத் தொடங்கிற்று என்று கொள்ளலாம்.

அவ்வுரிமைக்கு நீதிமன்ற வடிவம் கிடைக்க மேலும் ஐம்பது ஆண்டுகள் சென்றன. 1992 ஜூலையில் மேற்கு வங்காளத்தில் விவசாயத் தொழிலாளர் சங்க உறுப்பினர் ஒருவர் இரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமுற்றார். அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாய், படுக்கை இல்லை, கருவி இல்லை என்று அவரைத் திருப்பியனுப்பின. இறுதியில் தனியார் மருத்துவமனையில் பணம் செலவழித்தே உயிர் பிழைத்தார். அவருடைய சங்கம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும், பணப் பற்றாக்குறை இதற்குச் சாக்காகாது. தனி மனிதராய் அவர் போயிருந்தால் இவ்வழக்கு எழுந்திருக்குமோ என்பது ஐயமே. அவர் பின்னால் ஒரு சங்கம் நின்றது. இராஜஸ்தான் மாநிலம் 2023இல் நலவாழ்வு உரிமைச் சட்டத்தை இயற்றியபோது, முன்பணமின்றி அவசர சிகிச்சை அளிக்க வேண்டும் என்னும் விதியை எதிர்த்துத் தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். உரிமையைச் சட்டமாக்குதல் எளிதன்று என்பதற்கு அதுவும் சான்று.

இவ்வகைப் போராட்டத்தின் முழு வரலாற்றைக் காண விரும்பும் இறையியல் மாணவர், கனடா நாட்டின் டாமி டக்ளஸ் என்பாரின் வாழ்வைக் கற்பாராக. அவர் பாப்திஸ்து சபைப் போதகர். ஸ்காட்லாந்தில் 1904இல் பிறந்து, சிறு வயதில் குடும்பத்துடன் கனடாவில் குடியேறியவர். சிறுவனாய் இருந்தபோது காலில் எலும்பு அழற்சி நோய் கண்டது. சிறப்பு மருத்துவரை நாடக் குடும்பத்திடம் பணமில்லை. காலை வெட்டிவிடுவது என்று முடிவாயிற்று. அப்போது அறுவை மருத்துவர் ஒருவர், தம் மாணவர்கள் உடனிருந்து பார்க்க இசைந்தால் இலவசமாய்ச் சிகிச்சை செய்வதாகக் கூறினார். கால் பிழைத்தது. தம் கால் தப்பியது தற்செயலே என்பதை டக்ளஸ் பிற்காலத்தில் மறக்கவில்லை. அந்த மருத்துவரின் இரக்கத்தை அவர் என்றும் நன்றியோடு நினைத்தார். ஆனால் ஒரு சிறுவனின் கால் இத்தகைய தற்செயலை நம்பியிருக்கலாகாது என்று துணிந்தார்.

1930இல் சஸ்காச்சுவான் மாநிலத்து வெய்பர்ன் என்னும் சிற்றூரின் சபைக்கு அவர் ஆயரானார். பொருளாதார மந்தமும் வறட்சியும் அப்பகுதி உழவரை ஒருங்கே வாட்டிய காலம் அது. பசித்தவனுக்கு உணவு பொட்டலம் கொடுப்பதில் தொடங்கிய அவருடைய பணி, 1935இல் பாராளுமன்றத்திற்கும் 1944இல் மாநில முதல்வர் பொறுப்பிற்கும் அவரைக் கொண்டுசென்றது. 1947இல் மாநில மக்கள் அனைவருக்கும் மருத்துவமனைக் காப்பீடு வந்தது. மருத்துவர் கட்டணத்தையும் உள்ளடக்கிய முழுத் திட்டம் வர மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1962 ஜூலை முதல் நாள் திட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்; அது 23 நாள் நீடித்தது. டக்ளஸ் அதற்குள் தேசிய அரசியலுக்குச் சென்றுவிட்டார். புயலைத் தாங்கியவர் அவருக்குப் பின்வந்த முதல்வர் உட்ரோ லாயிட். திட்டத்தை எதிர்த்துக் கடுமையாய் மேடையேறியவர்களுள் ஒரு கத்தோலிக்கக் குருவும் இருந்தார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. திருச்சபை எப்போதும் ஒரே பக்கம் நின்றதில்லை. 1966இல் நாடு முழுமைக்கும் சட்டம் இயற்றப்பட்டு, 1972க்குள் எல்லா மாநிலங்களும் அதில் இணைந்தன. வெய்பர்ன் சபையிலிருந்து அவ்விடம் வர நாற்பது ஆண்டுகள். மூன்றாண்டுப் படிப்பில் எல்லாம் முடியும் என்று எண்ணும் மாணவர்க்கு இக்கணக்கு உதவும்.

நம் பக்கத்து வரலாறும் ஆராயத்தக்கது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு படுக்கையுடன் பணி தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவியதை நாம் பெருமையுடன் கூறுகிறோம். ஆனால் உலகத் திருச்சபைகள் மாமன்றம் 1968இல் அமைத்த கிறிஸ்தவ மருத்துவ ஆணைக்குழு, திருச்சபைகளின் மருத்துவப் பணியில் மிகப் பெரும் பகுதி மருத்துவமனைக்குள்ளேயே, வந்தவர்க்கு வைத்தியம் பார்ப்பதிலேயே அடங்கிவிட்டதைச் சுட்டிக்காட்டிற்று. வராதவர், வர இயலாதவர் என்ன ஆனார்கள் என்பதே அதன் வினா. வேலூரில் பயின்ற ஆரோலே தம்பதியர் 1970இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் பகுதியில் எழுதப் படிக்கத் தெரியாத கிராமப் பெண்களையே நலப்பணியாளராய்ப் பயிற்றுவித்தது இவ்வினாவிற்கு ஒரு விடை. இத்தகைய முயற்சிகளை அவ்வாணைக்குழு உலகறியச் செய்தது. 1978இல் அல்மா-ஆட்டா மாநாடு அனைவர்க்கும் நலவாழ்வு என்று முழங்கியதில் இவற்றிற்கும் பங்குண்டு. ஆகவே இக்கோரிக்கை நமக்கு அந்நியமானதன்று.

குழு தன் விரலை அரசை நோக்கி நீட்டும்போது, நம் சபைகள் நடத்தும் மருத்துவமனைகளும் கண்ணிற் படும். அங்கே முன்பணம் கேட்பது எவ்வாறு? கடைநிலைப் பணியாளருக்கும் செவிலியருக்கும் ஊதியம் எவ்வளவு? கட்ட இயலாதவரை எவ்வாறு நடத்துகின்றனர்? இக்கேள்விகளைத் தவிர்த்துவிட்டு அரசை மட்டும் குறை கூறும் குழுவை எவரும் மதியார். அதேவேளை, பணமின்றி மருத்துவமனை நடத்துவது எத்துணைக் கடினம் என்பதையும் அப்போதுதான் மாணவர் உணர்வர். கல்லூரி நிர்வாகத்திற்கு இது சங்கடம் தரலாம். தரட்டும்.

இனித் தொடங்கும் முறை. ஆறு அல்லது ஏழு பேர் போதும். இறையியல் மாணவர் மட்டும் கூடினால் அது செபக் கூட்டமாகவோ விவாத மேடையாகவோ முடியும். அருகிலுள்ள செவிலியர் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, சட்டக் கல்லூரி மாணவர்களை முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும். அவர்கள் எம்மதத்தவராயினும் தடையில்லை. முதல் ஆறு மாதம் அறிக்கையோ ஊர்வலமோ வேண்டா. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தெரிந்துகொண்டு, அதைச் சார்ந்த சிற்றூர்களில் மக்கள் சொல்வதைக் கேட்டு எழுதுக. சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஒரு நிலையம் என்பது விதி. மருத்துவர் எந்நேரம் இருக்கிறார், சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எத்தனை நாளைக்குத் தருகின்றனர், இரவில் பேறு காலம் வந்தால் என்ன நிகழ்கிறது என்பவற்றை ஏட்டில் பதிவு செய்க.

தமிழகத்தின் நிறைகளையும் நேர்மையுடன் எழுத வேண்டும். 1994இல் நிறுவப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி வழங்கும் முறை பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாயிற்று. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டது. 2009இலிருந்து அரசுக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. ஆனால் மூன்று வினாக்களையும் எழுப்பினால் காப்பீட்டின் எல்லை விளங்கும். படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கே அது பெரிதும் உதவுகிறது. நாள்தோறும் விழுங்கும் மாத்திரைக்கும், புற நோயாளியாய்ச் செய்யும் பரிசோதனைக்கும், உடனிருப்பவர் இழக்கும் கூலிக்கும் அது பெரும்பாலும் உதவுவதில்லை. சிறுகச் சிறுகக் குடும்பத்தை அரிப்பவை இவையே.

பதிவு செய்தவற்றிலிருந்து ஒரே ஒரு கோரிக்கையைத் தெரிந்தெடுக்க வேண்டும். கையிருப்பிலுள்ள மருந்துகளின் பட்டியலை வாயிலில் எழுதி வைப்பது போன்று சிறியதாய் இருந்தாலும் தாழ்வில்லை. தகவல் மறைக்கப்பட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்துடன் எழுதிக் கேட்கலாம். முப்பது நாளில் விடை தர வேண்டும். சுகாதார நிலையத்தின் நோயாளர் நலச் சங்கத்தையும், சிற்றூரின் நலக்குழுவையும் அணுகலாம். கோரிக்கையை எழுப்ப வேண்டிய வாய் மாணவருடையதாய் இராமல், அவ்வூர் மக்களுடையதாய் இருத்தல் நன்று.

'பரிந்து பேசுதல்' என்னும் சொல்லை நாம் வேண்டுமென்றே தலைப்பில் வைத்தோம். யோவான் நற்செய்தியில் தேற்றரவாளர் என்றும், யோவானின் முதல் நிருபத்தில் பரிந்து பேசுகிறவர் என்றும் நம் பழைய மொழிபெயர்ப்பில் வருவது 'பராக்லேட்டோஸ்' என்னும் ஒரே கிரேக்கச் சொல்லே. அருகில் இருக்க அழைக்கப்பட்டவர் என்பது அதன் பொருள். நோயாளியின் கட்டிலருகே அமர்வதும் அவருக்காக அதிகாரியிடம் பேசுவதும் அச்சொல்லில் பிரிந்து நிற்கவில்லை. மூத்த ஆயர்களின் கேள்விக்கு நம் விடை இதுவே.

காவல்களும் சில வேண்டும். நோயாளியின் பெயரும் நோயும் அவர் இசைவின்றி வெளியே போகலாகாது. மருத்துவ ஆலோசனை கூறுவது நம் வேலையன்று. இக்குழுவின் பெயரால் மதமாற்றப் பேச்சு எழலாகாது. எழுந்தால் பாதிக்கப்படுவது நாமல்ல, நம்பி வாய்திறந்த ஏழையே. கட்சிகளின் பணமும் மருந்து நிறுவனங்களின் பணமும் வேண்டா. தேநீர்ச் செலவுக்கு உறுப்பினர் காசே போதும். அலுவலரைப் பகைவராய் எண்ணவும் வேண்டா. ஆள் பற்றாக்குறையால் இருவர் வேலையைத் தனியே சுமக்கும் செவிலியர் நம் முதல் தோழராகக் கூடும்.

மாணவர் குழுக்கள் மடிவது பெரும்பாலும் பட்டமளிப்பு விழாவன்றே. ஆதலால் பொறுப்பாளர் இருவரில் ஒருவர் எப்போதும் முதலாண்டு அல்லது இரண்டாமாண்டு மாணவராய் இருக்கட்டும். பதிவேடு நூலகத்தில் இருக்கட்டும். குருத்துவப் பணிக்குச் செல்லும் பட்டதாரி, தாம் அமர்த்தப்படும் சேகரத்தில் முதல் மாதமே அவ்வூர்ச் சுகாதார நிலையத்தைச் சென்று கண்டு குழுவிற்கு எழுதலாம். தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை கல்லூரி நடைபெறும் பருவத்திலேயே வருகின்றன. கல்லூரி நாட்குறிப்பு அச்சாகும் முன்னரே அவற்றைக் குறித்து வைப்பது நன்று.