குறைமாதக் குழந்தையின் குடலும் தாய்ப்பாலும்

“குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் பால் கொடுக்கக் கூடாதா?” பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அதற்கான விடை குழந்தையின் குடலில் இருக்கிறது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் குடல் முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை. அதன் உட்சுவர் மெலிது, எதிர்ப்பாற்றலும் குறைவு. கிருமிகள் அச்சுவரில் புகுந்து, அழற்சி உண்டாகி, குடல் திசுவே அழிந்துபோகும் நோயை மருத்துவர்கள் ‘என்.இ.சி.’ என்று சுருக்கமாகச் சொல்வர். 32 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கும், 1,500 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கும் இந்த ஆபத்து மிகுதி.

பால் கொடுக்கத் தொடங்கிய பிறகே இந்நோய் பெரும்பாலும் தோன்றுகிறது. அதற்காகப் பாலை அறவே தவிர்த்தால் குடலின் உட்சுவர் நலிந்துவிடும். நெடுநாள் சிரைவழி ஊட்டத்தால் கிருமித்தொற்றும் நேரலாம். ஆகவே சிறிதளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துகிறோம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஏறத்தாழ 2,800 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 18 மில்லி வீதம் கூட்டினாலும் 30 மில்லி வீதம் கூட்டினாலும் இந்நோயின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஆனால் எந்தப் பால் என்பது முக்கியம். 1990-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்றில், தாய்ப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகளைவிடப் புட்டிப்பால் மாவு மட்டுமே பெற்றவர்களிடம் இந்நோய் 6 முதல் 10 மடங்கு வரை மிகுதியாகக் காணப்பட்டது. பெற்ற தாயின் பாலே முதலிடம் பெறும். அது போதாதபோது, 62.5 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்தப்பட்ட தானப்பால் உதவும். இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது.

எனவே தாய்மார்களே, பிறந்த சில மணி நேரத்திற்குள் பாலைப் பீய்ச்சத் தொடங்குங்கள். நாளொன்றுக்கு 8 முறையேனும் தொடருங்கள். சில துளிச் சீம்பால்தான் வந்தது என்று தயங்க வேண்டாம், அத்துளிகளும் பயன்படும். வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சேனை, தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் ஆகியவற்றில் ஒரு துளியும் வேண்டாம்.

வயிறு உப்புதல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், சோர்வு, இடையிடையே மூச்சு நிற்றல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். ஐயம் எழுந்தால் பாலை நிறுத்தி, எக்ஸ்ரே எடுத்து, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செலுத்துகிறோம். குடலில் துளை விழுந்தால் அறுவைச் சிகிச்சையும் தேவைப்படலாம்.

அந்நாட்களில் பல தாய்மார்கள், “என் பால்தான் ஒத்துக்கொள்ளவில்லையோ” என்று கலங்குகின்றனர். இல்லை. தாய்ப்பால் இந்நோயின் ஆபத்தைக் குறைக்கிறது. எனினும் முற்றிலும் தடுத்துவிடுவதில்லை. தாய்ப்பால் மட்டுமே பெற்ற குழந்தைக்கும் இது வரக்கூடும். அது எவருடைய குற்றமும் அன்று. பால் நிறுத்தப்பட்ட நாட்களிலும் பீய்ச்சுவதை நிறுத்தாதீர்கள். உறைநிலையில் சேமித்து வைக்கலாம். குடல் தேறியதும் குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது அந்தப் பால்தான்.