பனிப்பாதையில் பருத்த சக்கரங்கள்

எமது வீதிகளில் ஓடும் சாதாரண சைக்கிளின் ரயர் இரண்டு விரல் அகலந்தான் இருக்கும். பின்லாந்தின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால், குளிர்காலத்தில் ஓட்டப்படும் சைக்கிளின் ரயரோ உள்ளங்கையை விட அகலமானது. பத்து சென்ரிமீற்றருக்குக் குறையாது. மோட்டார் சைக்கிளின் சக்கரத்தை யாரோ தவறுதலாக மிதிவண்டியில் மாட்டிவிட்டார்களோ என்று தோன்றும். சாதாரண ரயருக்கு நாற்பது, ஐம்பது இறாத்தல் காற்று அடிக்கிறோம். இதற்கு ஐந்திலிருந்து எட்டு இறாத்தல் போதும். விரலால் அமுக்கினால் பள்ளம் விழும். அந்தத் தொய்வுதான் இதன் இரகசியம். ஓட்டுபவரின் பாரம் பரந்து விழுவதால் சக்கரம் பனிக்குள் புதையாமல் அதன் மேலேயே உருண்டு செல்கின்றது.

இது அலாஸ்காவில் தொடங்கிய கதை. 1987ஆம் ஆண்டு அங்கே உறைபனிக் காட்டினூடாக 200 மைல் சைக்கிள் ஓட்டப்போட்டி ஒன்று நடந்தது. கலந்துகொண்டவர்களில் பலர் சைக்கிளை ஓட்டியதை விடத் தள்ளிக்கொண்டு நடந்ததே அதிகம். அதற்குப் பிறகு இரண்டு றிம்களை ஒன்றாக ஒட்டிப் பார்த்தார்கள். அகலமான றிம்களைத் தாமே செய்து பார்த்தார்கள். 2005இல் அமெரிக்காவின் மினசோட்டாவிலுள்ள ஒரு நிறுவனம் இத்தகைய சைக்கிளைத் தொகையாகத் தயாரித்து விற்கத் தொடங்கியது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் அது லப்லாந்தின் கிராமங்களில் வாடகைக்குக் கிடைக்கும் பொருளாகிவிட்டது. ஒருநாள் வாடகை பல பத்து யூரோக்கள் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காடு எல்லோருக்கும் இலவசம், சைக்கிள் அப்படியல்ல.

பல்லாஸ்-யுல்லாஸ்துந்துரி தேசிய பூங்கா பின்லாந்திலே மிக அதிகமானோர் செல்லும் பூங்காக்களில் ஒன்று. ஆண்டுக்கு ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வருகைகள் பதிவாகின்றன. 1938இல் அமைக்கப்பட்ட பழைய பூங்காவுடன் தெற்கிலுள்ள நிலப்பரப்பையும் சேர்த்து 2005இல் இன்றைய வடிவம் பெற்றது. பரப்பளவு ஏறக்குறைய 1,020 சதுர கிலோமீற்றர். 'துந்துரி' என்பது உச்சியில் மரமில்லாத, உருண்டு திரண்ட மலை. அடிவாரத்தில் ஊசியிலைக் காடு; மேலே குட்டையான பேர்ச் மரங்கள்; அதற்கும் மேலே வெறும் காற்றும் பனியும். ஸ்புறூஸ் மரம் வளரும் வடக்கெல்லை இந்தப் பூங்காவினூடாகவே செல்கின்றது. நடுக்குளிர்காலத்தில் அந்த மரங்களில் பனி அப்பி அப்பி, கிளையும் இலையும் தெரியாமல், வெள்ளைப் போர்வை போர்த்திய முதியவர்கள் வரிசையில் நிற்பது போலிருக்கும்.

டிசம்பரில் இரண்டு வாரங்களுக்கு மேலாகச் சூரியன் அடிவானத்தைத் தாண்டி வருவதேயில்லை. நண்பகலில் நீலமான மங்கல் ஒளி சில மணி நேரம் இருக்கும், அவ்வளவுதான். ஆகவே சைக்கிளோட்டத்துக்கு விரும்பப்படும் மாதங்கள் மார்ச்சும் ஏப்ரலும். பகல் நீண்டிருக்கும், பனியும் இறுகியிருக்கும்.

பாதை தானாக உண்டாவதில்லை. பனிமோட்டார் வண்டியின் பின்னால் பாரமான சட்டத்தைக் கட்டி இழுத்து, புதுப்பனியை அழுத்திச் செல்வார்கள். பிறகு ஓர் இரவு முழுவதும் அதைக் குளிரில் விட்டுவிட வேண்டும். அழுத்தப்பட்ட பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, காலையில் சீமெந்துத் தரைபோல் இறுகிவிடும். அப்பாதையில் யாராவது இளகிய நேரத்தில் சைக்கிளை ஓட்டினால் ஆழமான தடம் விழுந்து, அது அப்படியே உறைந்து, அடுத்து வருபவரின் சக்கரத்தைப் பிடித்து விழுத்தும். ஓர் அங்குலத்துக்கு மேல் தடம் விழுந்தால் இறங்கித் திரும்பிவிட வேண்டும் என்பது இவர்களிடையே உள்ள வழக்கம். பனிச்சறுக்குப் பாதைகளில் சைக்கிளுக்கு இடமில்லை. பூங்காவுக்குள் குறியிடப்பட்ட பாதைகளை விட்டு விலகி ஓட்டவும் அனுமதியில்லை.

குளிர் இருபது பாகை மறையாக இறங்குவது அங்கே சாதாரணம், முப்பதுக்கும் இறங்கும். ஆனால் அனுபவப்பட்டவர்கள் குளிரை விட வியர்வைக்கே அதிகம் பயப்படுகிறார்கள். ஏற்றத்தில் மிதிக்கும்போது உடம்பு வியர்க்கும். நின்றவுடன் அந்த ஈரமே உடலின் வெப்பத்தை உறிஞ்சிவிடும். ஆகவே பருத்தி உடை கூடாது. உள்ளே மெல்லிய கம்பளி, மேலே காற்றுத் தடுப்பு, புறப்படும்போது கொஞ்சம் குளிரத்தான் வேண்டும் என்பது கணக்கு. கைப்பிடியைச் சுற்றிப் பெரிய உறைகளைப் பூட்டி அதற்குள் கையை நுழைத்துக்கொள்வார்கள். சப்பாத்து ஓரளவு பெரியதாக இருக்க வேண்டும். இறுக்கமான சப்பாத்தில் இரத்தவோட்டம் குறைந்து விரல்கள் விறைக்கும். கைத்தொலைபேசியைச் சட்டைக்குள் உடலோடு ஒட்டி வைக்காவிட்டால் பற்றரி உயிர்விட்டுவிடும். அவசர அழைப்பு 112 என்றாலும், மலைகளுக்கிடையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைப்பதில்லை. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதே முதற் பாதுகாப்பு.

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் என்னை அதிகம் ஈர்த்தது சைக்கிளல்ல, காட்டிலுள்ள குடில்கள். 'அவுத்தியோதுப்பா' எனப்படும் மரக்குடில்களுக்குப் பூட்டு இல்லை, கட்டணம் இல்லை, காவலாளி இல்லை. உள்ளே விறகடுப்பும் நீண்ட மரப்படுக்கையும் இருக்கும். அங்கே எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு: கடைசியாக வருபவருக்கே முதல் உரிமை. ஏற்கனவே இருந்து களைப்பாறியவர் நெருங்கிப் படுத்து இடம் விட வேண்டும். இடமே இல்லையென்றால் வெளியேற வேண்டியவரும் அவரே. புறப்படும்போது அடுத்தவருக்காகக் காய்ந்த விறகைப் பிளந்து அடுப்பருகில் வைத்துவிட்டுப் போக வேண்டும். விறைத்த விரல்களுடன் வருபவரால் கோடரி பிடிக்க முடியாதல்லவா? முன்பின் அறியாத ஆண்களும் பெண்களும் ஒரே படுக்கையில் வரிசையாக உறங்குவது எம்மவருக்குச் சங்கடமாகவே தோன்றும். அங்கும் எல்லாப் பெண்களும் அதை விரும்புவார்கள் என்று நான் நினைக்கவில்லை. முழுமையாக வாடகைக்கு எடுக்கக்கூடிய குடில்கள் தனியே உள்ளன, பணம் கொடுக்க முடிந்தவர்களுக்கு.

பிறருடைய காணியென்றாலும் காட்டில் நடக்க, சைக்கிளோட்ட, பெர்ரிப் பழம் பறிக்க அந்நாட்டில் எவருக்கும் உரிமையுண்டு. பாதுகாக்கப்பட்ட பூங்காக்களில் மட்டும் தனி விதிகள் அதைக் கட்டுப்படுத்துகின்றன. இந்த உரிமையின் பழைய பின்லாந்துப் பெயரை அப்படியே பெயர்த்தால் 'ஒவ்வொரு ஆணினதும் உரிமை' என்று வரும். 1906இல் ஐரோப்பாவிலேயே முதலாவதாகப் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்து, மறு ஆண்டு 19 பெண்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய நாடு அது. அங்கும் காடு மட்டும் நெடுங்காலம் மொழியில் ஆணுக்கே உரியதாக இருந்தது! அண்மைக் காலமாகத்தான் அரச ஆவணங்களில் 'ஒவ்வொருவரினதும் உரிமை' என்று மாற்றி எழுதுகிறார்கள்.

ஆனால் அந்த 'ஒவ்வொருவர்' என்பதற்குள் அடங்காத ஒரு கேள்வியும் இருக்கின்றது. பூங்காவின் வடபகுதி, பூர்வீகக் குடிகளான சாமி மக்களின் தாயக எல்லைக்குள் வருகின்றது. அவர்களில் பலருக்குக் கலைமான் வளர்ப்பே வாழ்வாதாரம். காட்டில் திரியும் கலைமான் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. காதில் வெட்டிய அடையாளமே அதற்குச் சாட்சி. ஆண்மான்கள் குளிர்காலம் தொடங்கும்போதே கொம்பை உதிர்த்துவிடும். ஆகவே மார்ச் மாதத்தில் கொம்போடு நிற்பது பெரும்பாலும் சினைப்பட்ட பெண்மானாகத்தான் இருக்கும். பனியைக் காலால் தோண்டி, அடியிலுள்ள பாசியைத் தின்று, சேர்த்து வைத்த கொழுப்பைச் சிக்கனமாகச் செலவழித்து மே மாதப் பிரசவத்துக்கு அது காத்திருக்கின்றது. சத்தமில்லாமல் திடீரென வரும் சைக்கிளைக் கண்டு வெருண்டு ஓடினால் அந்தக் கொழுப்புத்தான் கரையும். மானைக் கண்டால் இறங்கி நில்லுங்கள், அது தானாக விலகும்வரை காத்திருங்கள் என்று சொல்வது இதனால்தான். சுற்றுலாவால் கிராமங்களுக்கு வருமானம் வருகின்றது, உண்மை. மந்தையைத் தேடி மேலும் பத்து மைல் அலைய வேண்டியவருக்கு அதில் பங்கு எவ்வளவு? பூர்வீகக் குடிகளின் நில உரிமை பற்றிய சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 169ஆம் இலக்கச் சமவாயத்தைப் பின்லாந்து இன்னும் ஏற்று உறுதிப்படுத்தவில்லை.

இதற்கிடையில் பனியே மாறி வருகின்றது. 1979க்குப் பின்னர் ஆர்க்டிக் பிரதேசம் உலக சராசரியைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்துள்ளதாகப் பின்லாந்து வானிலை ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டனர். நடுக்குளிர்காலத்தில் மழை பெய்து மறுநாள் உறைந்தால் பாதை கண்ணாடியாகிவிடும். சைக்கிளோட்டி ஆணி பதித்த ரயரை மாட்டிக்கொள்வார். கலைமானுக்கு அந்த வசதியில்லை. உணவின் மேல் பனிக்கட்டி பூட்டுப் போட்டுவிடும். அத்தகைய ஆண்டுகளில் வளர்ப்பவர்கள் வைக்கோலும் தீவனமும் காசுக்கு வாங்கிச் சுமந்து கொண்டுபோய்ப் போடுகிறார்கள்.

ஏப்ரல் முடிவில் மதியத்துக்குள்ளேயே பனி இளகத் தொடங்கும். அதிகாலையில் மட்டும் ஓட்டலாம். பத்து மணிக்குப் பிறகு தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். மே மாதத்தில் பாதைகள் சேறாகக் கிடக்க, வாடகைக் கடைக்காரர்கள் பருத்த ரயர்களைக் கழற்றி அடுக்குகிறார்கள். மேலே மலைச்சரிவில் கன்றுகள் பிறந்துகொண்டிருக்கும்.