கைக்கு வந்த காலம் – 14: ஸ்வீடன் ரேசருக்கு வயது என்ன?

சென்ற வாரம் மடக்குச் சவரக் கத்தியைப் பார்த்தோம். இந்த வாரம் அதை அலமாரிக்கு அனுப்பிவைத்த சேஃப்டி ரேசர். அதிலும் பழம்பொருள் சேர்ப்பவர்கள் தனியாக எடுத்துவைக்கும் ஸ்வீடன் ரேசர்.

ஸ்வீடன்காரர்கள் இதை 'ராக்ஹ்யூவெல்' என்கிறார்கள். 'ராக்' என்றால் சவரம், 'ஹ்யூவெல்' என்றால் தச்சரின் இழைப்புளி. பெயர் வைத்தவர் ரேசரை நன்றாகப் புரிந்துகொண்டவர்தான். இழைப்புளியின் அடியில் இரும்பு எவ்வளவு எட்டிப்பார்க்கிறதோ, மரச்சீவல் அவ்வளவு தடிமனாக வரும். கை எவ்வளவு அழுத்தினாலும் இரும்பு அதற்குமேல் இறங்காது. ரேசரிலும் அதே கணக்கு. மேல் மூடிக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பிளேடு ஓரத்தில் நூலிழை அளவுதான் வெளியே தெரியும். மயிர் போகும், தோல் தப்பும்.

இந்தப் பெயரே வயதைச் சொல்ல உதவும் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் எல்லோரும் விழும் குழியைத் தாண்டிவிடலாம்.

எஃகு வேறு, ஊர் வேறு

ரேசரிலோ பிளேடு உறையிலோ 'ஸ்வீடிஷ் ஸ்டீல்' என்று இருந்தால் உடனே ஸ்வீடன் சரக்கு என்று முடிவுகட்டிவிடுகிறோம். நம்மூர்ப் பெட்டிக்கடையில் வாங்கிய பிளேடு உறையில் இந்த வார்த்தையைப் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள். அது எஃகு பிறந்த ஊர். பிளேடு பிறந்த ஊர் வேறாக இருக்கலாம்.

ஸ்வீடன் எஃகுக்கு ஏன் அவ்வளவு பெயர்? அந்நாட்டின் டன்னமோரா சுரங்கத் தாதுவில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. பாஸ்பரஸ் ஏறினால் எஃகு நொறுங்கும். மெல்லிய கூர்முனைக்கு அது ஆகவே ஆகாது. அந்தத் தாதுவை மரக்கரியில் உருக்கியதால், நிலக்கரியோடு வரும் கந்தகமும் சேரவில்லை. அதனால்தான் கத்திக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஷெஃபீல்டே நெடுங்காலம் ஸ்வீடன் இரும்பை இறக்குமதி செய்து எஃகாக்கிக்கொண்டிருந்தது. எஃகு செய்யும் பெஸ்ஸமர் முறையை முதன்முதலில் தொழிலளவில் நடத்திக்காட்டியவரும் ஸ்வீடன்காரர்தான். யோரன் ஃப்ரெட்ரிக் யோரன்சன் 1858-ல் எட்ஸ்கென் என்ற இடத்தில் அதைச் செய்தார். 1862-ல் அவர் தொடங்கிய ஆலைதான் பின்னாளில் சாண்ட்விக் ஆனது. சாண்ட்விக்கும் ஊட்டெஹோல்ம் என்ற இன்னொரு ஆலையும் பிளேடுக்கான மெல்லிய எஃகு நாடாவைச் சுருள் சுருளாக உலகத்துக்கு விற்றன. இன்றும் பேசப்படும் அவற்றின் பிளேடு எஃகு வகைகளில் சுமார் 13 சதவீதம் குரோமியம் இருக்கும்.

சுருள் போன இடத்தில் பிளேடு வெட்டப்பட்டது. சுருளின் பெருமையை எல்லோருமே உறையில் போட்டுக்கொண்டார்கள். ஆகவே 'எஃகு' என்ற சொல்லோடு ஸ்வீடன் பெயர் வந்தால் நம்பிவிடாதீர்கள். 'ஸ்வீடனில் செய்தது' என்றோ, ஊர்ப் பெயரோடோ இருந்தால் பேச்சு வேறு.

அந்த ஊர்ப் பெயர் பெரும்பாலும் எஸ்கில்ஸ்டுனா. 1650-களில் அரசர் பத்தாம் கார்ல் குஸ்தாவ் காலத்தில், ரீகாவிலிருந்து வந்த ரெய்ன்ஹோல்ட் ராடெமாக்கர் அங்கே 20 கொல்லுப்பட்டறைகளைக் கட்டினார். அவற்றில் 6 இன்னும் நிற்கின்றன. 1771-ல் அங்கே 'சுதந்திர நகரம்' என்ற ஏற்பாடு வந்தது. சங்கக் கட்டுப்பாடு, வரித் தொல்லை இல்லாமல் இரும்புத் தொழில் செய்யலாம் என்று கொல்லர்களுக்குச் சலுகை. கத்தி, கத்திரி, பூட்டு, உளி என்று ஊரே பட்டறையானது. ஹெல்யெஸ்ட்ராண்ட் என்ற பெயரோடு வரும் மடக்குக் கத்திகளும், சுறாமீன் முத்திரை பதித்த பெர்க் கருவிகளும் இந்த ஊரைச் சேர்ந்தவை.

கழற்றிப் பாருங்கள்

இப்போது ரேசரைக் கையில் எடுங்கள். கைப்பிடியை இடப்பக்கம் திருகினால் மூன்று துண்டாக வரும்: மூடி, அடித்தகடு, பிடி. முத்திரை எங்கே இருந்தாலும் அழுக்குதான் முதலில் கண்ணில் படும். சோப்பு உறைந்த வெள்ளைப் படலத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் மெல்லத் தேயுங்கள். அடித்தகட்டின் அடிப்புறம், மூடியின் உட்புறம், பிடியின் கழுத்து ஆகிய மூன்றையும் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத தேய்ந்த எழுத்து சாய்வில் நிழலோடு எழும்பும்.

முலாம் அடுத்த சாட்சி. நிக்கல் முலாமில் லேசான மஞ்சள் சூடு இருக்கும். குரோமியம் முலாமில் நீலக் குளிர்ச்சி இருக்கும். பக்கத்தில் ஒரு புது எவர்சில்வர் கரண்டியை வைத்து ஒப்பிட்டால் பழகாத கண்ணுக்கும் தெரியும். குரோமியம் முலாம் 1920-களின் நடுவில்தான் தொழிலாக வந்தது. ஆகவே குரோமியம் பளபளக்கும் ரேசரை 1910 என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பிற்காலத்தில் மறுமுலாம் போட்டதாகவும் இருக்கலாம். எழுத்தின் பள்ளம் முலாமால் நிரம்பி மழுங்கியிருந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

மூன்றாவது, பிளேடு உட்காரும் இடம். இங்கே கொஞ்சம் அமெரிக்கக் கதை தேவை. பாஸ்டனில் கிங் கேம்ப் ஜில்லெட் 1901-ல் தொடங்கிய நிறுவனம், 1903-ல் விற்றது 51 ரேசர்கள்தான். அடுத்த ஆண்டு விற்பனை 90 ஆயிரத்தைத் தாண்டியது. 1904-ல் அவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 1921-ல் முடிந்தது. இரண்டு பக்கமும் கூரான, நடுவே மூன்று வட்டத் துளை உள்ள பிளேடுதான் அப்போதைய வழக்கம். 1930-ல் ஜில்லெட் புதுவகை ரேசரையும், மூன்று துளைக்குப் பதில் நடுவில் வேறு வடிவத் திறப்புள்ள பிளேடையும் இறக்கியது. அந்த ரேசரின் தகட்டில் நீள மேடு ஒன்று இருக்கும். பழைய மூன்று துளை பிளேடு அதில் உட்காராது.

ஆகவே நீள மேடு உள்ள ரேசர் 1930-க்கு முன் பிறந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் மூன்று முளை மட்டும் உள்ளதை 1930-க்கு முந்தையது என்று சொல்லிவிட முடியாது. பின்னாளில் வந்த நீளத் திறப்பு பிளேடுகள் மூன்று முளையிலும் மாட்டும். அதனால் பழைய வடிவத்தையே தொடர்ந்து செய்தவர்கள் உண்டு.

ஸ்வீடன் பெட்டிக்குள் அமெரிக்க ஜில்லெட் உட்கார்ந்திருப்பதும் நடக்கும். அதற்கு வயது கண்டுபிடிப்பது சுலபம். 1950-களில் ஆண்டுக்கு ஒரு எழுத்து, காலாண்டுக்கு ஒரு எண் என்று பொறித்துவைத்தார்கள். 1955-க்கு ஏ, 1956-க்கு பி. 'இ 2' என்றிருந்தால் 1959-ன் இரண்டாம் காலாண்டு.

காகிதம் பேசும்

இப்படிக் குறி இல்லாத ரேசருக்கு நல்ல சாட்சி, பெட்டிக்குள் மடித்துவைத்த காகிதம். ஸ்வீடிஷ் மொழி தெரிய வேண்டியதில்லை. நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

ஒன்று, நான் முன்பே சொன்ன 'ஹ்யூவெல்'. 1906-ல் ஸ்வீடனில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதுவரை இந்தச் சொல்லின் நடுவில் எஃப், வி இரண்டு எழுத்தும் சேர்ந்து நின்றன. பிறகு வி மட்டும். நம்மூரில் பழைய 'லை', 'னை' எழுத்தைப் பார்த்ததும் புத்தகத்தின் வயதை ஊகிப்பதுபோலத்தான். பழைய பழக்கம் ஒரே நாளில் போகாது என்பதும் இரண்டு இடத்துக்கும் பொது. அதனால் சில ஆண்டு தாராளம் கொடுங்கள்.

இரண்டு, வினைச்சொல். பன்மைக்குத் தனி வினை எழுதும் வழக்கம் ஸ்வீடிஷ் எழுத்தில் இருந்தது. பேச்சில் அது முன்பே போய்விட்டது. அந்நாட்டுச் செய்தி நிறுவனமான டி.டி. 1945-ல் அதைக் கைவிட்டது, மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். 'இருக்கின்றன' என்ற பொருளில் 'ஏரு' காகிதத்தில் இருந்தால் பழையது. வெறும் 'ஏர்' என்றால் பெரும்பாலும் பிந்தையது.

மூன்று, தொலைபேசி. ஸ்டாக்ஹோமில் அரசுத் தொலைபேசியும் தனியார் 'அல்மென்னா' தொலைபேசியும் தனித்தனியாக ஓடின. 1918-ல் அரசு தனியாரை வாங்கிவிட்டது. கடை முகவரியில் இரண்டு வலைக்கும் தனித்தனி எண் இருந்தால் அந்தக் காகிதம் 1918-க்கு முந்தைய வழக்கத்தைச் சேர்ந்தது.

நான்கு, அஞ்சல் குறியீடு. ஐந்து இலக்கக் குறியீடு 1968-ல்தான் வந்தது. அது இருந்தால் அதற்குமேல் ஆராய வேண்டியதில்லை.

இளையது சொன்னால் இறுதி

சாட்சிகள் முரண்படும்போது என்ன செய்வது? எது கடைசியாகப் பிறந்ததோ அதன் வயதுதான் முழுப் பொருளின் வயது. 1920-ல் போட்டது என்று சொல்லப்படும் சுவரில் 1970 தேதியிட்ட செங்கல் ஒன்று நடுவே கட்டப்பட்டிருந்தால், சுவரை 1970-க்கு முன் யாரும் கட்டியிருக்க முடியாது அல்லவா?

ஒரு பெட்டியை வைத்துப் பார்ப்போம். கறுப்பு பேக்லைட் பெட்டி, குரோமியம் பளபளப்பு, தகட்டில் நீள மேடு, காகிதத்தில் 'ஏரு', முகவரியில் அஞ்சல் குறியீடு இல்லை. பேக்லைட் 1907-லேயே வந்த கண்டுபிடிப்பு, அது பெரிதாக உதவாது. குரோமியம் 1920-களின் நடுவுக்குப் பின் என்கிறது. நீள மேடு 1930-ஐ அடியாக்குகிறது. 'ஏரு' 1940-களின் இறுதியை மேல்வரம்பாக்குகிறது. ஆகவே பொருளோடு வைக்கும் சீட்டில் எழுத வேண்டியது 'சுமார் 1930–1950'. ஒற்றை ஆண்டாக எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அது நம் கற்பனை.

இன்னொன்றும் கவனியுங்கள். ரேசரும் பெட்டியும் பிறவியிலேயே ஜோடி என்று யாரும் சொல்லவில்லை. வெல்வெட் பள்ளத்தில் பிடி ஆடினாலோ, தலை முழுதாக இறங்காவிட்டாலோ இது பின்னாளில் நடந்த கல்யாணம். அப்போது காகிதத்தின் வயதை ரேசருக்கு ஒட்டக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனிச் சீட்டு எழுதுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெட்டி கிடைத்ததும் ரேசரைப் பளபளக்கத் தேய்த்துவிட்டு, கிழிந்த காகிதத்தைக் குப்பையில் போடும் வழக்கத்தை விடுங்கள். நிக்கல் முலாம் மெருகுப்பசையில் தேயும், அதோடு முத்திரையும் போகும். காகிதம் போனால் வயதே போய்விடும். ரேசர் பளபளக்காமலே இருக்கட்டும், காகிதத்தை ஒரு புத்தகத்தின் நடுவில் வைத்துவிடுங்கள்.

*(அடுத்த வாரம்: பழைய பேனாவின் நிப்பு)*