நெடிய மருத்துவக் கலைச்சொல்லில் அசைப்பிரிப்பும் ஒலிப்பும்

மருத்துவக் கலைச்சொற்கள் பல கிரேக்க, இலத்தீன் உறுப்புகளால் தொடுக்கப்பட்டவை. அவற்றைத் தமிழில் ஒலிக்கும்போது பொருளெல்லையும் அசையெல்லையும் எங்கெங்கு அமைகின்றன என்ற வினா எழுகிறது. மூளையின் மின்னலைகளைப் பதியும் ‘எலெக்ட்ரோஎன்செஃபலோகிராம்’ இதற்குத் தக்க சான்றாகும். இங்கு அசை என்பது ஓர் உயிரை மையமாகக் கொண்ட ஒலியசை. நேர், நிரை என்னும் யாப்பசை அன்று.

பொருள்நிலையில் இச்சொல் மின், உள், தலை, வரைவு என்னும் நான்கு கிரேக்க உறுப்புகளை உடையது. ‘உள்’, ‘தலை’ இரண்டும் இணைந்து மூளையைக் குறிக்கும். ஒலிநிலையில் ஆங்கிலத்தில் இ-லெக்-ட்ரோ-என்-செஃப்-அ-லோ-க்ராம் என எட்டு அசைகள் உள்ளன. தலையைக் குறிக்கும் உறுப்பின் இறுதி லகரம் அடுத்த அசையோடு சேர்ந்து ‘லோ’ ஆகிறது. மின் + அலை என்பது தமிழில் மின்-ன-லை எனப் பிரிந்தொலிப்பதும் இத்தகையதே.

ஓகாரமும் எகரமும் அடுத்து நிற்பது மற்றொரு சிக்கல். 1929இல் ஹான்ஸ் பெர்கர் செருமன் மொழியில் இச்சொல்லை ஆண்டபோது ஓகாரம் கெட்டு ‘எலெக்ட்ரென்கேஃபலோகிராம்’ என நின்றது. ஆங்கிலம் ஈருயிரையும் காக்கிறது. தமிழ் மரபோ வகர உடம்படுமெய் பெறும். க், ட், ர் என மூன்று மெய்கள் அடுத்து வருவதும் சொல்லுறுப்பு ‘க்ரா’ எனத் தொடங்குவதும் தமிழுக்கு இயல்பன்று. எனவே இகரம் இடைப்புகும். விளைவாக எ-லெக்-டி-ரோ-வென்-செ-ஃப-லோ-கி-ராம் என அசைகள் பத்தாகின்றன.

இவ்விரு அசைகளின் மிகுதியைவிட அழுத்தத்தின் இழப்பே கருதத்தக்கது. இதயத்திற்குரிய ‘எலெக்ட்ரோகார்டியோகிராம்’ என்பதும் இதே முதலும் ஈறும் உடையது. ஆங்கிலத்தில் முதன்மை அழுத்தம் முறையே ‘செஃப்’, ‘கார்’ என்னும் அசைகளில், அதாவது உறுப்பின் பெயரிலேயே, விழுகிறது. பொருளை வேறுபடுத்தும் சொல்லழுத்தம் தமிழில் இல்லை. நடுப்பகுதி விரைவில் தேய்ந்தால் மூளைப் பரிசோதனையா, இதயப் பரிசோதனையா என்பது கேட்போர்க்கு விளங்காது. ஈ.ஈ.ஜி., ஈ.சி.ஜி. என்னும் குறுக்கங்களும் ஓரெழுத்தாலேயே வேறுபடுகின்றன.

ஆகவே ஒலிபெயர்ப்பில் எலெக்ட்ரோ-என்செஃபலோ-கிராம், எலெக்ட்ரோ-கார்டியோ-கிராம் எனப் பொருளெல்லையில் சிறுகோடிட்டு எழுதுவது பயன்தரும். அழுத்தம் ஆற்றும் பணியை நிறுத்தம் ஆற்றும். மூளை மின்னலை வரைவு, இதய மின்னலை வரைவு என்னும் தமிழாக்கங்களில் உறுப்பின் பெயரே முதலில் நிற்கிறது. ‘மூளை மின்னலை வரைவு’ என்பதிலும் ஒலியசைகள் எட்டே. தமிழாக்கத்தின் சிறப்பு அதன் சுருக்கத்தில் இல்லை. வேறுபடுத்தும் சொல் செவியில் முதலில் விழுவதிலேயே உள்ளது.