யாருக்கு என்று கேட்காதே

"நீ பத்திரிகைக்காரிதானே? குடியை விடுகிறவர்கள் ஏதோ கூட்டம் போடுகிறார்களாமே, அது எங்கே என்று விசாரித்துச் சொல்லேன். யாருக்கு என்று மட்டும் கேட்காதே."

டெலிபோனில் பேசியவள் என் கல்லூரிச் சிநேகிதி. மயிலாப்பூரில் குளத்துக்கு அருகே ஒரு சந்தில் குடித்தனம். நவராத்திரி வந்தால் அவள் வீட்டுக் கொலுவைப் பார்க்க நாலு தெரு ஜனங்கள் வருவார்கள். போன வருஷம் கொலு வைக்கவில்லை. "உறவில் ஏதோ தீட்டு" என்றாள். யாருக்கு என்று நான் அப்போதும் கேட்கவில்லை. (இதை அவளிடம் காட்டி, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

விசாரித்த பிறகல்லவா தெரிகிறது, நான் தினந்தோறும் பஸ்ஸில் கடந்து போகும் கட்டிடங்களிலேயே இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன என்று! மாதா கோவிலை ஒட்டிய கூடம், பள்ளிக்கூடத்து வகுப்பறை, இப்படி மாலையில் காலியாகக் கிடக்கும் இடம் எதுவானாலும் அவர்களுக்குப் போதும். தமிழிலும் நடக்கிறது, ஆங்கிலத்திலும் நடக்கிறது.

'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ. என்பது பெயர். 1935-ல் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில், குடியால் சீரழிந்த ஒரு பங்கு மார்க்கெட் ஆசாமியும், அதே நிலையில் இருந்த ஒரு சர்ஜனும் மனம் விட்டுப் பேசிக் கொண்டதில் பிறந்தது. இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. சந்தா கிடையாது. வந்தவர்கள் இஷ்டப்பட்டதைப் போடலாம். வெளியார் நன்கொடை கொடுத்தால் வாங்க மாட்டார்கள். குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் டிக்கெட். குடித்தவர்கள் மட்டும் கூடும் கூட்டம் ஒரு தினுசு; உறவினரும் மற்றவர்களும் வரக் கூடிய திறந்த கூட்டம் இன்னொரு தினுசு. இரண்டாவதற்குத்தான் நாங்கள் போனோம்.

உள்ளே கேட்டதை எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். கூட்டம் நடக்கும் இடம் ரகசியமல்ல. வந்தவர் யார் என்பதுதான் ரகசியம். ஆனால் கண்ணால் பார்த்த ஒன்றை எழுத அனுமதி வாங்கினேன். குடியை விட்டு மூன்றே நாளான ஒருவர் வந்திருந்தார். டீயைக் கையில் கொடுத்தார்கள். கை நடுங்கிய நடுக்கத்தில் தம்ளரை வாய்க்குக் கொண்டு போக முடியவில்லை. பக்கத்தில் இருந்த வயதானவர் பேசாமல் அதை வாங்கி, பாதியை வேறு தம்ளரில் ஊற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பாதித் தம்ளர் சிந்தவில்லை. அந்த யுக்தி அவருக்கு எங்கிருந்து தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த நடுக்கத்தை லேசாக எண்ணி விடாதீர்கள். வருஷக்கணக்காக மிதமிஞ்சிக் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம், புத்தி பேதலித்து இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்து ஏற்படலாம். "இன்றோடு நிறுத்து" என்று அறையில் வைத்துப் பூட்டுவது வைத்தியமல்ல. முதலில் டாக்டர்; கூடவே கூட்டம்.

அடையாறு இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. ஆஸ்பத்திரியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்தைச் சேர்ந்த டி.டி.ரங்கநாதன் குடியினால் 1979-ல் காலமானார். பெரிய குடும்பங்களில் இப்படி நேர்ந்தால் காரணத்தை மறைப்பதுதான் உலக வழக்கம். அவர் மனைவி சாந்தி ரங்கநாதனோ அமெரிக்கா சென்று பயிற்சி பெற்றார். 1980-ல் கணவர் பெயராலேயே குடி நோயாளிகளுக்கான ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே நோயாளிக்கு மட்டுமல்ல, வீட்டாருக்கும் சிகிச்சை உண்டு. கூட்டங்கள் எங்கே என்று அங்கேயும் கேட்கலாம். மத்திய அரசின் 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கட்டணமில்லாமல் ஆலோசனை சொல்வார்கள்.

கூட்டம் முடிந்ததும், எனக்கு வெகுநாளாக இருந்த சந்தேகத்தை அந்தப் பெரியவரிடம் கேட்டேன். 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். 1971-ல் கடை திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். 2003 முதல் சர்க்காரே சில்லறைக்கு விற்கிறது. எது சரி?

"அதிலெல்லாம் ஏ.ஏ. அபிப்பிராயம் சொல்லாதம்மா" என்று சிரித்தார். "என்னைக் கேட்டால், நான் கடை மூடியிருந்தபோதும் குடித்தவன்."

இதற்குள் என் சிநேகிதியை ஒரு அம்மாள் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய்விட்டார். அது 'அல்-அனான்'. குடிப்பவர்களின் மனைவி, தாய், உறவினர் ஆகியோருக்கு 1951-ல் ஏற்பட்ட தனிச் சங்கம். எனக்கு அங்கே இடமில்லை. வராந்தா பெஞ்சியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் மெதுவாகச் சொன்னாள்: "மூணு மாசமா ரசத்திலே ஒரு பொடி கலந்து போட்டுண்டிருக்கேன். விளம்பரம் பார்த்து வாங்கினேன். அவருக்குத் தெரியாது."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. இந்த விஷயத்தில் அவள் தனியாள் அல்ல. 'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலக்கலாம்' என்ற விளம்பரங்களை நாமெல்லாம் சுவரில் பார்த்திருக்கிறோம். அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறதென்று வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. டாக்டர்கள் கொடுக்கும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். நோயாளி தெரிந்து, சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டிய மருந்து அது. தெரியாமல் கொடுத்தால் பிராணாபத்து. அன்றிரவே பொடி குப்பைத் தொட்டிக்குப் போயிற்று.

அவள் கணவர் இன்னும் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் "அவருக்கு ஜுரம்" என்று ஆபீஸுக்குப் போன் செய்வது அவள் வழக்கம். இந்தத் திங்கட்கிழமை செய்யவில்லையாம். "நீங்களே சொல்லிக்குங்கோ" என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டாளாம்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? சமையலறைக்குப் போய் நன்னா அழுதேன். பிறகு பால் கணக்கை எழுதினேன். ஆமாம், அடுத்த வாரம் நீ வர வேண்டாம். எனக்கு வழி தெரிஞ்சு போச்சு."