வேளாண்மைப் பொறியியற் கல்வி

சென்னை மாநகரின் வடபால் அமைந்தது மூலக்கொத்தளம். பழைய நகர மதிலின் மூலையில் நின்ற கொத்தளமே இவ்வூர்க்குப் பெயர் தந்தது. மதில் மறைந்தது, பெயர் நிலைத்தது. கிழக்கே துறைமுகமும் காசிமேட்டு மீன்பிடித் துறையும், வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளும் சூழ்ந்த இப்பகுதியில் வாழும் பிள்ளைகள் நெல்வயலைக் கண்ணாற் காண நெடுந்தொலைவு செல்லுதல் வேண்டும். ஆதலின், வேளாண்மைப் பொறியியல் பயில விழைவதாக ஒரு பிள்ளை கூறின், ‘நமக்கும் வயலுக்கும் என்ன உறவு?’ எனப் பெற்றோர் வியப்பது இயல்பே.

உறவு உண்டு. 1960-இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனத்தின் டிராக்டர் தொழிற்சாலை, இவ்வூர்க்கு அண்மையிலுள்ள செம்பியத்திலேயே எழுந்தது. 1966-இல் நிறுவப்பெற்ற சென்னை உர நிறுவனம் மணலியில் அமைந்தது. உழவனது கைக்கு எட்டும் பொருள்கள் பல, உழவே இல்லாத இவ்வட்டாரத்தில் உருவாயின. வேளாண்மைப் பொறியியல் என்பது இவ்விரு உலகங்களையும் இணைக்கும் கல்வியாகும். மண்ணரிப்பைத் தடுத்தல், பாசன நீரை அளந்து பாய்ச்சுதல், நடவுக்கும் அறுவடைக்கும் உரிய பொறிகளை அமைத்தல், விளைந்த கூலத்தை ஈரம் போக்கிக் காத்தல் ஆகியவை இதன் துறைகள். இந்தியாவில் இக்கல்வி அலகாபாத்தில் 1942-இல் தொடங்கிற்று.

வேளாண்மைப் பட்டம் வேறு, வேளாண்மைப் பொறியியற் பட்டம் வேறு. முன்னது பயிரைப் பற்றியது. பின்னது பொறியையும் நீரையும் பற்றியது. ஆகவே பின்னதற்குக் கணிதம் இன்றியமையாதது. பத்தாம் வகுப்பு முடித்துப் பதினோராம் வகுப்பிற் சேரும் நாளில், கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் அடங்கிய பிரிவைத் தேர்ந்து கொள்ளாதவர்க்கு இவ்வாயில் பெரும்பாலும் அன்றே அடைபட்டு விடும். கல்லூரியைத் தேர்தல் பதினேழாம் வயதில் நிகழ்வதாகப் பலரும் எண்ணுவர். உண்மையில் அது பதினைந்தாம் வயதிலேயே பாதி முடிந்து விடுகிறது.

இனி, எங்குப் பயில்வது? வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ இரயில் ஏறித் தெற்கே செல்வோர் நந்தனம், சைதாப்பேட்டை, கிண்டி என்னும் நிலையங்களைக் கடப்பர். இக்கல்வியின் வரலாறு முழுதும் அவ்வழியிலேயே கிடக்கின்றது எனலாம். 1981-இல் தனித்துறையாகப் பிரிந்த தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறைக்குத் தலைமையகம் நந்தனத்தில் அமைந்தது. சைதாப்பேட்டையில் 1868-இல் ஒரு வேளாண் பள்ளி நிறுவப்பெற்றது. அதுவே 1906-இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து, வளர்ந்து, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. 1972-இல் அங்கு வேளாண்மைப் பொறியியற் கல்லூரி தோன்றியது. பின்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் குமுளூரிலும் ஒன்று அமைந்தது. கிண்டியிலோ, 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பொறியியற் கல்லூரி வேளாண்மை, பாசனப் பொறியியற் பட்டத்தை வழங்கி வந்துள்ளது. இவையன்றித் தனியார் கல்லூரிகள் பலவும் இப்படிப்பை நடத்துகின்றன.

செலவைக் கணக்கிடுவோர் கல்விக் கட்டணத்தை மட்டும் நோக்கி ஏமாறுகின்றனர். நான்காண்டுக்கும் உரிய விடுதி, உணவு, பயணம், நூல்கள் ஆகிய அனைத்தையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். வீட்டிலிருந்தே நாடோறும் சென்று வரத்தக்க கல்லூரி, கட்டணம் சற்று மிகுதியாயினும், முடிவிற் குறைந்த செலவினதாகலாம்.

இங்கே வடசென்னைப் பெற்றோர் சிறப்பாக உணர வேண்டுவது ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசு பள்ளியிற் பயின்றோர்க்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காட்டு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டது. பொறியியலும் வேளாண்மையும் அதனுள் அடங்கும். மாநகராட்சிப் பள்ளிகளும் அரசு பள்ளிகளாகவே கொள்ளப்படும். அவ்விடத்திற் சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என அவ்வாண்டே அறிவிக்கப்பட்டது. மாநகராட்சிப் பள்ளியில் நன்கு பயிலும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிற் கடன் பட்டுத் தனியார் பள்ளிக்கு மாற்றுவோர் உளர். அன்பினாற் செய்யும் அச்செயலாலேயே இவ்வுரிமை கைநழுவுகின்றது. அரசு உதவி பெறும் பள்ளியும் இச்சட்டத்தின்படி அரசு பள்ளி ஆகாது.

கல்லூரியின் தரத்தை வாயிற் கோபுரமும் வண்ணப் பேருந்தும் காட்டா. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல், பல்கலைக்கழக இணைப்பு, தேசிய தரச்சான்று வாரியத்தின் சான்று ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. இறுதியிற் கூறியது கல்லூரிக்கன்று, தனித்தனிப் படிப்பிற்கே வழங்கப்படுவது. கணிப்பொறிப் படிப்பிற்குப் பெற்ற சான்றைக் காட்டி வேளாண்மைப் பொறியியலுக்கு மாணவரை ஈர்த்தல் முறையன்று. நேரிற் சென்று காண்பதே நன்று. பாசனம் செய்யப்படும் நிலம் உள்ளதா? மண்ணையும் நீரையும் ஆராயும் கூடம் உள்ளதா? டிராக்டரை மாணவர் தம் கையால் ஓட்டுகின்றனரா, அன்றித் திரைச்சீலை மூடி வைத்துள்ளனரா? இவற்றை முதலாண்டு மாணவரை வினவுவதினும் இறுதியாண்டு மாணவரை வினவுதல் பயன் தரும். பட்டத்தின் பெயரையும் எழுத்துப் பிசகாது நோக்குக. அரசுப் பணித் தேர்வாணையத்தின் அறிவிக்கையில் குறித்த பட்டப் பெயர்களே தகுதியாகக் கொள்ளப்படும்.

மாநிலக் கலந்தாய்விற்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. பொறியியலுக்குக் கணித மதிப்பெண் நூற்றுக்கு முழுமையாகவும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பதாகச் சுருக்கியும் கூட்டி, 200-க்குத் தரவரிசை அமைப்பர். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் தனி; ஒன்றை அனுப்பியோர் மற்றதையும் மறவாது அனுப்புதல் வேண்டும். விருப்பப் பட்டியலை எழுதும்போது, ‘கிடைக்கக் கூடியது இதுவே’ என்று கருதி அதனை முதலில் எழுதி, மெய்யாக விரும்பியதைக் கீழே எழுதுவோர் பலர். மேலுள்ளது கிடைத்துவிடின் கீழுள்ளதைக் கணிப்பொறி நோக்குவதே இல்லை. ஆதலின், கிண்டியை விரும்பும் பிள்ளை கிண்டியையே முதல் வரியில் எழுதுக.