ஒரு கோப்பு, இரண்டு பிரதிகள்: கடவுச்சொல் பெட்டகத்தின் ஒத்திசைவுச் சிக்கல்

காலையில் கைப்பேசியில் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிச் சேமிக்கிறீர்கள். மாலையில் மடிக்கணினியைத் திறந்தால் பழையதே இருக்கிறது. டிராப்பாக்ஸ் கோப்புறையைப் பார்த்தால், கடவுச்சொல் கோப்பு ஒன்றுக்கு இரண்டாக நிற்கிறது. எதை நம்புவது, எதை அழிப்பது?

இரண்டையும் அழிக்காதீர்கள். காரணம் அந்தக் கோப்பின் அமைப்பில் இருக்கிறது.

ஜெர்மனியைச் சேர்ந்த டொமினிக் ரைக்ல் 2003-இல் வெளியிட்ட கீபாஸ் என்ற கடவுச்சொல் பெட்டகம், கடவுச்சொற்களை எந்த நிறுவனத்தின் சர்வரிலும் வைப்பதில்லை. எல்லாம் 'கேடிபிஎக்ஸ்' வகைக் கோப்பு ஒன்றுக்குள் அடக்கம். கணினியில் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், ஐபோனில் ஸ்ட்ராங்பாக்ஸ் எனப் பல செயலிகள் அதே கோப்பைத் திறக்கும். அதைக் கருவிக்குக் கருவி கொண்டுசெல்வது மட்டும் நம் பொறுப்பு. அதற்குத்தான் கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற மேகச் சேவைகளை நாடுகிறோம்.

ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் செயலி தகவலைச் சுருக்கி, புதிய சமவாய்ப்பு எண்களைச் சேர்த்து, ஏஇஎஸ்-256 போன்ற முறையில் மறையாக்குகிறது. ஓர் எழுத்தைத் திருத்தினாலும் ஏறக்குறைய கோப்பு முழுவதும் வேறாகிவிடும். உள்ளே மாறியது வங்கிப் பதிவா, மின்னஞ்சல் பதிவா என்று மேகச் சேவைக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு கருவிகள் கோப்பை மாற்றியிருந்தால், டிராப்பாக்ஸ் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றின் பெயரில் 'முரண்பட்ட பிரதி' என்று குறிக்கிறது. படிக்க முடியாதவரால் அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது.

இரண்டையும் இணைக்க முடிவது, கோப்பைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லைப் பெறும் செயலியால் மட்டுமே. கோப்புக்குள் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண்ணும், கடைசியாகத் திருத்திய நேரமும் உண்டு. முதலில் இரண்டு பிரதிகளையும் வேறொரு கோப்புறையில் நகலெடுத்து வையுங்கள். பிறகு அசல் கோப்பைத் திறந்து, கீபாஸில் 'சிங்க்ரனைஸ்', கீபாஸ்எக்ஸ்சியில் 'மெர்ஜ் ஃப்ரம் டேட்டாபேஸ்' கட்டளையைக் கொடுத்து மற்றதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பதிவு இரண்டிலும் மாறியிருந்தால் புதியது நிற்கும். பழையது அந்தப் பதிவின் வரலாற்றுக்குள் போகும். தீர்ப்பு நேரத்தை வைத்தே என்பதால் கருவிகளின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். பிந்தி ஓடும் கடிகாரத்தால் புதிய கடவுச்சொல் பழையதாகக் கருதப்படலாம்.

இரண்டாம் பிரதியே உருவாகாமல், மாற்றம் மட்டும் வந்து சேராவிட்டால்? டிரைவிலிருந்து பதிவிறக்கிய நகலைக் கைப்பேசியில் திறந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அதில் செய்யும் திருத்தம் கைப்பேசியோடு நின்றுவிடும். செயலியின் கோப்புத் தேர்வு வழியாக டிரைவில் இருப்பதையே திறக்க வேண்டும். மின்சேமிப்பு வசதி பின்னணிப் பதிவேற்றத்தை நிறுத்துவதும் உண்டு. கணினியில் சேமிக்கும்போதே பிழை வந்தால், தற்காலிகக் கோப்பில் எழுதி அசலை மாற்றும் 'பாதுகாப்பான சேமிப்பு' முறை மேகக் கோப்புறையோடு மோதியிருக்கலாம். கீபாஸ்எக்ஸ்சியின் அமைப்புகளில் அதை மாற்றலாம்.

ஐபோனில் செயலிக்குள் திறக்கும் கோப்பு, தானாக நிரப்பும் வசதியில் மட்டும் திறக்காவிட்டால் அது ஒத்திசைவுப் பிழையல்ல. முதன்மைக் கடவுச்சொல்லிலிருந்து திறவுகோலை உருவாக்கும் ஆர்கான்2 என்ற முறைக்கு நீங்கள் ஒதுக்கிய நினைவகம், அந்த வசதிக்கு ஐபோன் தரும் அளவைத் தாண்டியிருக்கலாம். அளவைக் குறைத்துச் சேமித்தால் போதும்.

ஒரு கருவியில் திருத்தினால், பதிவேற்றம் முடிந்தபின் அடுத்ததைத் திறப்பது நல்ல பழக்கம். முதன்மைக் கடவுச்சொல்லோடு திறவுகோல் கோப்பும் வைத்திருப்போர் அந்தக் கோப்பை அதே மேகத்தில் போடக் கூடாது. ஒத்திசைவு என்பது காப்புநகல் அல்ல. தவறி அழித்தாலும் அதே வேகத்தில் எல்லாக் கருவிகளிலும் அழித்துவிடும். அதனால் மாதம் ஒருமுறை பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து, அது திறக்கிறதா என்று சோதித்து வைப்பது அவசியம்.